1899-க்கு முந்தியது

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்
ஜனவரி 21, 2024

அன்புள்ள அக்காவுக்கு, கௌசிக் அநேக நமஸ்காரம். இங்கே நானும் விஷாகாவும் ஆர்த்ராவும் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்திம்பேர் இன்னும் அதே ரயிலில் மன்ஹாட்டன் போய் வந்துகொண்டிருக்கிறாரா?

காகிதத்தில் கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் போனில் வரும் மெசேஜ் எல்லாம் ஹாலில் இருக்கிற ஐபேடிலும் வந்து விழுகிறது. நிறுத்தப் போனால் ஏன் நிறுத்தினாய் என்று விஷாகா கேட்பாள். அதனால்தான் தபால். நீயும் என் ஆபீஸ் விலாசத்துக்கே எழுது. போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே.

விஷயம் இதுதான். நான் பழைய ரிவால்வர்கள் சேர்க்கிறேன். சிரிக்காதே. இதுவரை ஒன்பது. மூன்று வருஷம் முன்னால் ஆபீஸ் மதன் வேடிக்கை பார்க்கலாம் வாருங்கள் என்று ஒரு கன் ஷோவுக்கு அழைத்துப் போனான். ஒரு பெரியவர் மேஜைமேல் வெல்வெட் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று வைத்திருந்தார். 1884-இல் செய்தது. கையில் வாங்கி உருளையைச் சுற்றினேன். நூற்று நாற்பது வருஷத்துக்குப் பிறகும் ஒவ்வொரு தோட்டா அறையும் சரியான இடத்தில் வந்து பூட்டிக்கொண்டது. நான் எழுதும் புரோகிராம் ஆறு மாசத்தில் குப்பைக்குப் போகிறது, அக்கா. அன்றைக்கு அதைக் கீழே வைக்க எனக்கு மனசே வரவில்லை.

சட்டம் எனக்குத் தெரியும். விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பிடிபட்டால் ஜெயில், அப்புறம் விமானம். ஆனால் 1899-க்கு முன்னால் செய்தது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே இல்லை, பழம்பொருள். அந்தக் கோட்டை நான் தாண்டமாட்டேன். பதினொரு வருஷமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் நான். அடுத்த மார்ச்சில் ஆர்த்ராவுக்கு இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் வரிசையில் எங்கள் தேதி வராவிட்டால், இனி குழந்தை இல்லை என்று அவள் என் ஃபைலிலிருந்து விழுந்துவிடுவாள். மூன்று வயசில் இங்கே வந்த குழந்தை. அவளை வைத்துக்கொண்டு விளையாடுவேனா?

மதன் ஒரு வழி சொன்னான். "ஹண்டிங் லைசென்ஸ் ஒண்ணு எடுத்துருங்க பாஸ், விசால இருந்தாலும் எதையும் வெச்சுக்கலாம், ஆன்லைன்ல பத்து நிமிஷம்" என்றான். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்டுதான். முட்டைகூடத் தொடாதவன் மான் சுட லைசென்ஸ் எடுப்பதா? ஃபாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

விஷாகாவுக்கு ஒன்று மட்டும் தெரியும், அதைச் சுவர் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றதெல்லாம் க்ளோசெட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

உன் தம்பி,
கௌசிக்

*

எடிசன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 4, 2024

சிரஞ்சீவி கௌசிக்குக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே இருவரும் சுகம். முட்டி இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. அத்திம்பேர் ரயிலைப் பிடிக்கிறார், ரயில் அவரைப் பிடிப்பதில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கரப்பான்பூச்சியைப் பேப்பரில் ஏந்திக் கொண்டுபோய்த் தோட்டத்தில் விடுகிறவனுக்கு ஒன்பது ரிவால்வரா? ஸ்டாம்பு சேர்த்தாய், சரி. கடிகாரம் சேர்த்தாய், அதுவும் சரி. இது என்ன கிரகசாரம்?

ஒரு விஷயத்தில் மட்டும் உன்னை மெச்சுகிறேன். அந்த ஹண்டிங் லைசென்ஸ் எழவை வேண்டாம் என்றாயே, நல்லது. நாளைக்கு ஆர்த்ராவுக்கு வரன் பார்க்கும்போது அப்பா வேட்டைக்காரர் என்று எவனாவது கம்ப்யூட்டரில் தேடி எடுத்தால் என்ன பதில் சொல்வது? நம் ஆத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஒன்பதோடு நிறுத்திக்கொள். விஷாகாவிடம் நீயே சொல்லிவிடு. அவள் கோபப்படுவாள், இரண்டு நாள் சமைக்கமாட்டாள், அவ்வளவுதான். தானாகத் தெரிந்தால் இரண்டு நாளோடு போகாது.

ஆர்த்ரா போன வாரம் போன் பண்ணினாள். "அத்தை, ஐ காட் த இன்டர்ன்ஷிப்!" என்று கத்தியதில் என் காது அடைத்துவிட்டது. குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
விசாலம்

*

ஃப்ரிஸ்கோ
மே 19, 2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். எல்லாரும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் முட்டிக்கு டாக்டர் ஊசி போடச் சொன்னதாக ஆர்த்ரா சொன்னாள், தள்ளிப்போடாதே.

கோபிக்காதே, பத்தாவதும் வந்துவிட்டது. இங்கிருந்து மூன்று மணி நேர டிரைவில் ஒரு சின்ன ஊர். புருஷனை இழந்த ஒரு அம்மாள் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். ஷெட்டில் ஆணிப் பெட்டிக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இது கிடந்தது. ஐந்து அறை, மேல்பக்கம் மடித்துத் திறப்பது. பிடியில் யானைத் தந்தம், ஓரத்தில் ஒரு சின்ன விரிசல். நீலப் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. இருபது வருஷம் தேடினாலும் இந்த நிலையில் கிடைக்காது என்று கையில் எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. கூடவே அந்தக் காலத்துத் தோட்டா ஒன்றும் இருந்தது, பித்தளை பச்சை பூத்துப்போய்.

வருஷம் என்ன என்று அந்த அம்மாளைக் கேட்டேன். புருஷன் எழுதி வைத்த சீட்டைக் காட்டினாள், 1897 என்று இருந்தது. வாங்குமுன் பிடிக்கு அடியில் இருக்கும் நம்பரைப் பதிவேட்டில் சரிபார்ப்பது என் வழக்கம். அன்று வாசலில் இன்னொரு ஆள் காரை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தான். நான் வாங்கிவிட்டேன்.

விஷாகாவிடம் ஆஸ்டினில் டீம் மீட்டிங் என்று சொல்லியிருந்தேன். சொல்லிவிடுகிறேன், அக்கா, கட்டாயம் சொல்லிவிடுகிறேன். முதலில் நம்பரைப் பார்க்கவேண்டும். பழைய கம்பெனிப் பதிவுகளைப் பார்த்துச் சொல்லும் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
கௌசிக்

*

எடிசன்
ஜூலை 14, 2024

சிரஞ்சீவி கௌசிக்குக்கு ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். முட்டிக்கு ஊசி போட்டாயிற்று, இப்போது மாடிப்படி என்னைப் பார்த்துப் பல்லிளிப்பதில்லை.

நேற்று விஷாகா போன் பண்ணினாள். அழுதாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் அழுதது இதுதான் முதல் தடவை. "அக்கா, வீக்கெண்ட் ஆனா கார எடுத்துண்டு கிளம்பிடறார். கேட்டா ஆபீஸ்ங்கறார். யாராவது இருக்காளா அக்கா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லிடுங்கோ, நான் தாங்கிப்பேன்" என்றாள்.

தெரியாது என்று சொன்னேன். அவனுக்கு வேலை ஜாஸ்தி, நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே என்று புத்தி வேறு சொன்னேன். போனை வைத்தபிறகு காபி குடிக்கப் பிடிக்கவில்லை. உனக்காகப் பொய் சொல்கிற வயசா எனக்கு?

நீ நம்பர் பார்க்கிறேன் என்று எழுதி இரண்டு மாசம் ஆயிற்று. பதில் வந்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. எதை எழுதாமல் விடுகிறாயோ அதுதான் விஷயம் என்று உன் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். பரீட்சையில் கணக்கில் போய்விட்டால், தமிழில் வாங்கிய மார்க்கை மட்டும் நான்கு தடவை சொல்வாய்.

பதில் போடு.

விசாலம்

*

ஃப்ரிஸ்கோ
செப்டம்பர் 18, 2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரங்கள். அனைவரும் நலம், உன் நலத்தையும் எழுது.

நல்ல சமாச்சாரம். எங்கள் தேதி வந்துவிட்டது! அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஃபைல் பண்ணலாம். ஆர்த்ரா தப்பித்தாள். விஷாகா பூஜை அறையிலேயே உட்கார்ந்து அழுதாள், இது சந்தோஷ அழுகை. வக்கீல் ஒரு கட்டு ஃபாரம் அனுப்பியிருக்கிறார். பிறந்ததிலிருந்து இருந்த வீடெல்லாம் கேட்கிறார்கள். நீங்கள் செய்து, பிடிபடாமல் போன குற்றம் ஏதாவது உண்டா என்றுகூட ஒரு கேள்வி இருக்கிறது. வேடிக்கையான ஆட்கள்.

இருபத்தெட்டாம் தேதி எடிசன் வருகிறேன். நியூயார்க்கில் க்ளையண்ட் மீட்டிங். காரிலேயே வருகிறேன், இரண்டு நாள் டிரைவ். இந்த வருஷம் விஷாகா மூன்று படிதான் கொலு வைக்கிறாளாம், ஒரு பெட்டி பொம்மை உபரி. எங்கள் க்ளோசெட்டில் இடமில்லை. உன் பேஸ்மெண்டில் வைத்துவிட்டுப் போகிறேன். விமானத்தில் வந்தால் பொம்மை உடையும். டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், பிரிக்காமல் அப்படியே ஓரமாக வைத்துவிடு.

பழைய சாமான் விவகாரமெல்லாம் விட்டாயிற்று. அதைப் பற்றி இனிமேல் எழுதவேண்டாம்.

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

கௌசிக்

*

எடிசன்
அக்டோபர் 6, 2024

கௌசிக்குக்கு, ஆசீர்வாதம். சௌக்கியமா என்று கேட்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

கொலு வைத்திருக்கும் வீட்டுக்குப் பொம்மைப் பெட்டியைக் கொண்டுவந்து பிரிக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிற ஆண்பிள்ளை உலகத்திலேயே நீ ஒருவன்தான். மேலே படியில் என் பொம்மைகள் பட்டு உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கீழே பேஸ்மெண்டில் உன் வீட்டுப் பொம்மைகள் டேப் ஒட்டி மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கலாமா? நவராத்திரியில் எந்தப் பொம்பளை அப்படி விடுவாள்? இது உனக்குத் தோன்றவே இல்லையா? நேற்று சாயங்காலம் பெட்டியை மேலே எடுத்து வந்து பிரித்தேன்.

அடுத்த வீட்டுப் பவளம் அப்போதுதான் வெற்றிலை பாக்குக்கு வந்திருந்தாள். கோபிசெட்டிபாளையத்துப் பெண், வெகுளி. கூட நான்கு வயசுக் கயல். தசாவதாரம் செட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாமனருக்குக் கீழே விஷாகாவின் பழைய புடவையில் கனமாக ஒன்று. பிரித்தேன். தந்தப் பிடி, ஓரத்தில் விரிசல்.

"என்னுங்க்கா இது, நெசத் துப்பாக்கியாட்டவே இருக்குது!" என்றாள் பவளம்.

"தீபாவளித் துப்பாக்கி. என் தம்பி வாங்கினது" என்றேன். மறைத்தால் சந்தேகம் வரும் என்று அதைக் கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தேன். சுண்டல் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் கயல் அதை இரண்டு கையாலும் தூக்கி, அவள் அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "டிஷ்யூம்!" என்கிறாள். விரல் விசையில். பவளம் சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கிறாள்.

எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியவில்லை. சுண்டல் கார்ப்பெட் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. குழந்தை பயந்து அழுதது. பவளம் முகம் சுருங்கிப்போய்க் கிளம்பினாள். ஒரு பொம்மைக்கு இத்தனை பிடுங்கலா என்று அவள் நினைத்திருப்பாள்.

உடனே உனக்குப் போன் பண்ணினேன். "அதுல குண்டு இருக்கா?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "போன்ல வேண்டாம்க்கா, எழுதறேன்." வைத்துவிட்டாய்.

இப்போது எழுது. அதில் குண்டு இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போதும். டவலில் சுற்றி வைத்திருக்கிறேன். திறந்து பார்க்க எனக்குத் தெரியாது, தொடவும் பயம்.

விசாலம்

*

ஃப்ரிஸ்கோ
அக்டோபர் 14, 2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். உன் கடிதம் கிடைத்தது. நீ பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அத்திம்பேர் சுகம் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாசமே நம்பருக்குப் பதில் வந்துவிட்டது. அந்த அம்மாளின் புருஷன் எழுதி வைத்தது தப்பு. இது 1901-இல் செய்தது. 1898-இல் செய்திருந்தால்கூடப் பழம்பொருள். மூன்று வருஷம், அக்கா! வெறும் மூன்று வருஷம்! பார்த்தால் 1897-க்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே இரும்பு, அதே திருகு. ஆனால் சட்டப்படி இது துப்பாக்கி, நான் குற்றவாளி. ஃபாரத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று டிக் பண்ணிவிட்டேன். ஃபைல் போயாயிற்று. இங்கே அது இருக்கக் கூடாது.

மதனிடம் கொடுக்கலாமே என்று கேட்பாய். அவன் சிட்டிசன்தான், ஆனால் அவன் விற்றுவிடுவான். ஏதாவது ஏரியில் போட்டுவிடு என்பாய். காரை ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டுதான் போனேன். கையில் எடுத்தேன். அந்த நீலப் பூச்சை நீ வெயிலில் பார்க்கவேண்டும். தண்ணீரில் போட முடியவில்லை. குழந்தையைக் கிணற்றில் போடுகிற மாதிரி இருந்தது.

கிரீன் கார்டு வந்தவுடன் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை பேஸ்மெண்டில் ஈரம் படாமல் வை. டவல் வேண்டாம், ஈரத்தை இழுக்கும். மெல்லிய பருத்தித் துணியில் லேசாக மெஷின் எண்ணெய் தடவிச் சுற்று. சந்தனம் குங்குமம் எதுவும் பட்டிருந்தால் உடனே துடைத்துவிடு, பூச்சு போய்விடும். தந்தத்தில் விரிசல் பெரிதாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

உன் அன்புத் தம்பி,
கௌசிக்

*

எடிசன்
நவம்பர் 24, 2024

கௌசிக்குக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தில் என் கேள்விக்குப் பதில் இல்லை. எண்ணெய் எழுதினாய், துணி எழுதினாய், சந்தனம் எழுதினாய். அதை மட்டும் எழுதவில்லை. அது வந்த அன்றைக்கே அத்திம்பேரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஷூவைக் கழற்றாமல் அப்படியே ஹாலில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் லீவு போட்டு ஒரு வக்கீலைப் பார்த்தோம். இந்த ஸ்டேட்டில் பர்மிட் இல்லாமல் இது வீட்டில் இருந்தால் அவருக்கும் எனக்கும் ஜெயில்தானாம். ஆனால் நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்து ஒப்படைத்தால் வழக்கு வராதாம். அப்படியே செய்தோம்.

போலீஸ்காரர் மரியாதையான மனிதர். கையுறை போட்டுக்கொண்டு, மேலே மடித்துத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐந்து அறையில் ஒன்றில் தோட்டா இருந்தது. பச்சை பூத்த பித்தளை.

பழசு, வெடித்தாலும் வெடிக்கும், வெடிக்காமலும் போகும் என்றார். தொலைந்துபோகக் கூடாது என்று உள்ளேயே போட்டு வைத்தாய், அப்படித்தானே? ஜோடி பிரியக் கூடாது. கயலின் விரல் விசையில் இருந்தபோது எந்த அறை நேராக இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். தினமும் காலையில் அவள் டேகேருக்குக் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னால் உன் ஃபைல் போய்விடும், ஆர்த்ராவும் போய்விடுவாள். "என் மாமனார் இங்கேதான் இருந்து காலமானார், அவர் பெட்டியில் இருந்தது" என்றேன். அத்திம்பேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெயர் என்ன என்று கேட்டார்கள். ராமசுப்ரமணியன் என்று நான்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஹைஸ்கூலில் முப்பத்தைந்து வருஷம் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த மனுஷர். அவர் பெயர் இப்போது எடிசன் போலீஸ் ஸ்டேஷன் ஃபைலில் ஒரு துப்பாக்கிக்குக் கீழே இருக்கிறது.

போன வாரம் அவருடைய திவசம். பன்னிரண்டு வருஷமாக மடியாக நான்தான் சமைத்திருக்கிறேன். இந்தத் தடவை அத்திம்பேர் சாஸ்திரிகள் வீட்டிலேயே ஏற்பாடு பண்ணிக்கொண்டார். "நீ வர வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் பேச்சு என்பது உப்பு, சாவி, குப்பைத் தொட்டி என்ற மூன்றோடு நின்றுவிட்டது.

அந்த ஹண்டிங் லைசென்ஸை எடுத்துத் தொலைத்திருந்தால் இத்தனையும் இல்லை. வேண்டாம் என்றதற்கு உன்னை மெச்சியவள் நான். மான் பாவம் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

விஷாகாவிடம் நீயே சொல். நான் இனிமேல் கேட்கமாட்டேன்.

விசாலம்

*

ஃப்ரிஸ்கோ
ஆகஸ்ட் 24, 2025

அன்புள்ள அக்காவுக்கு அநேக நமஸ்காரம். ஒன்பது மாசமாக எழுதாததற்கு மன்னிக்கவும். நீயும் எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். அத்திம்பேருக்குக் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கார்டு வந்துவிட்டது! போன வாரம் மூன்று கவர், மூன்று பேருக்கும். பதிமூன்று வருஷ வரிசை. இதற்கு நீயும் காரணம், அதை நான் மறக்கமாட்டேன். விஷாகாவும் ஆர்த்ராவும் இப்போது சான் ஹோசேயில், விஷாகாவின் தம்பி அச்சுதன் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு மாறுதலுக்காக. இங்கே வீடு அமைதியாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். ஒப்படைத்ததை அங்கே போலீஸ் என்ன செய்கிறார்கள்? சில ஊர்களில் உருக்கிவிடுகிறார்களாம். சில இடங்களில் பழையதை மியூசியத்துக்குக் கொடுப்பதும் உண்டாம். ரசீது நம்பர் உன்னிடம் இருக்கும். எனக்கு இப்போது சட்டப்படி உரிமை இருக்கிறது, வக்கீல் வைத்துக் கேட்கலாம். கிடைக்காது என்றால்கூடப் பரவாயில்லை, அது இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். மனசு அதிலேயே நிற்கிறது. வேறு ஐந்தாறு வாங்கிவிட்டேன், எதுவும் அதுபோல இல்லை.

பதிலை வீட்டு விலாசத்துக்கே போடலாம்.

கௌசிக்

*

சான் ஹோசே, கலிஃபோர்னியா
செப்டம்பர் 2, 2025

அக்காவுக்கு, விஷாகா எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

கார்டு வந்த அன்றைக்கு ஆர்த்ராவையும் காலேஜிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். மூன்று பேரும் கோவிலில் அர்ச்சனை பண்ணுவதாக என் வேண்டுதல். நீங்கள் முன்னால் போங்கள், அரை மணியில் வருகிறேன் என்றார். தேங்காய்த் தட்டோடு இரண்டரை மணி நேரம் நின்றோம். குருக்கள் நடை சாத்தும்போது, "மாமா வரலையா?" என்று கேட்டார். ஆர்த்ரா போன் பண்ணிப் பார்த்தாள். துப்பாக்கிக் கடையில் வரிசையில் நிற்கிறாராம். கார்டு கைக்கு வந்தவுடன் அவர் போன முதல் இடம் அதுதான். வீட்டுக்கு வந்து, "கோவில் எங்கே ஓடிப்போறது?" என்றார்.

அவசரத்தில் அந்த அலமாரியைப் பூட்டாமல் போயிருந்தார். உங்கள் கடிதங்கள் உள்ளே இருந்தன. நான்கும் ரிவால்வர்களுக்கு அடியில் அடுக்காக. எல்லாவற்றையும் படித்தேன். ஆர்த்ராவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நான் வாய்விட்டுப் படித்தேன். முடிந்ததும் அவள் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஸோ, அத்தைக்கு எல்லாம் தெரியுமா?" என்றுதான் கேட்டாள். ஆமாம் என்றேன்.

போன வருஷம் ஜூலை மாசம் உங்களிடம் அழுதேனே, நினைவிருக்கிறதா? தெரிந்தால் சொல்லுங்கள், தாங்கிப்பேன் என்று சொன்னேன். வேறு பெண் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு மனுஷியோடு நான் போட்டி போட்டிருப்பேன். அப்போது ஃபைல் போகவில்லை. பிடிபடாத குற்றம் உண்டா என்ற கேள்வி எனக்கு வந்த ஃபாரத்திலும் இருந்தது; எனக்குத் தெரிந்திருந்தால் அதற்கு அவர் பொய் எழுதியிருக்கமாட்டார், நான் விட்டிருக்கமாட்டேன். இப்போது என் பெண்ணின் கார்டு அந்தப் பொய்யின் மேல் நிற்கிறது. எவனாவது ஒருநாள் தோண்டினால் அவளுக்கு என்ன ஆகும்? அவள் என்ன தப்புப் பண்ணினாள்?

ஆர்த்ராவுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தம்பிக்காகச் சொன்னீர்கள். அது தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனால் பெயரை மாற்றி வைக்காதீர்கள்.

நாங்கள் திரும்பிப் போகப்போவதில்லை. இங்கே வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அடுத்த வீட்டுக் கயலின் அம்மாவிடமாவது உண்மையைச் சொன்னீர்களா?

விஷாகா

*

எடிசன்
செப்டம்பர் 21, 2025

கௌசிக்,

விஷாகாவின் கடிதம் வந்தது. மாறுதலுக்காகப் போயிருக்கிறார்கள் என்று நீ எழுதியதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

நேற்று பவளத்தின் வீட்டுக்குப் போனேன். அது நிஜத் துப்பாக்கி, உள்ளே தோட்டா இருந்தது என்று சொன்னேன். அவள் அந்தப் போட்டோவை இன்னும் போனில் வைத்திருந்தாள், அத்தனை அழகாக வந்திருக்கிறதாம். எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒரு வருசமா தினமும் சிரிச்சுப் பேசுனீங்களேக்கா" என்றாள். கயலை உள்ளே போகச் சொல்லிவிட்டு, நான் எழுந்து போகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் சான் ஹோசே போகிறேன். விஷாகா கதவைத் திறந்தால் ஆர்த்ராவிடம் மன்னிப்புக் கேட்பேன். திறக்காவிட்டால் வாசலிலேயே கேட்டுவிட்டு வருவேன். அத்திம்பேர் டிக்கெட் போட்டுக் கொடுத்தார், கூட வரவில்லை. நீ அங்கே வராதே.

இனி எனக்கு எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

நீ கேட்டது மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த ரிவால்வரை என்ன செய்தார்கள் என்று வக்கீலைக் கேட்டேன், அவர் விசாரித்து எழுதியிருக்கிறார். உருக்கிவிட்டார்களா, ஏதாவது ஒரு ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன்.

விசாலாக்ஷி